நீலகிரிப் பாறையும் பவானி நீரும்

நம் ஏட்டைப் படிக்கும் அன்பர்களில் ஒரு சாரார் மலைமேல் கொழுந்து பறிப்பவர். மற்றொரு சாரார் சமவெளியில் தறி மிதிப்பவர். இவ்விரு சாராருக்கும் பொதுவான பொருள் யாது என்று வினவினால், கூட்டுறவு என்பர் சிலர். நூல் விலையும் கொழுந்து விலையும் ஒருங்கே தரும் கவலை என்பர் வேறு சிலர். இரண்டும் மெய்யே. ஆயினும் இவற்றிற்கெல்லாம் முற்பட்ட பொதுப்பொருள் ஒன்று உண்டு. குந்தாவிலும் குன்னூரிலும் தேயிலையின் வேரை நனைத்து இறங்கும் நீரே, பவானி நகரில் ஜமக்காள நூலை நனைக்கும் நீராகவும் அமைகின்றது. அந்நீர் பிறக்கும் மலை எவ்வாறு உண்டாயிற்று, அம்மலையைத் தாங்கும் பூமியின் உட்பாகம் எத்தகையது, இவற்றிற்கு நம் கையாலேயே நேர்ந்துவரும் கேடு யாது என்பனவற்றை இம்மாதம் சற்று விரிவாகக் கூற விழைகின்றோம்.

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இத்தகைய எண்ணைக் கேட்டவுடன் மனம் மலைத்து நின்றுவிடும். ஆதலின் நெசவாளர் அறிந்த அளவு ஒன்றினால் இதனை அளப்போம். சுமார் 45 மீட்டர் நீளமுள்ள பாவு ஒன்றைத் தெருவில் நீட்டியிருப்பதாகக் கொள்க. அதன் தொடக்கம் பூமியின் பிறப்பு. முடிவு இன்றைய நாள். ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டுகள். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆண்டுகள். இந்தப் பாவில் நீலகிரியின் பாறை உருவானது முடிவிலிருந்து 25 மீட்டர் தொலைவில். நம் நிலப்பகுதி மடகாஸ்கர் தீவை விட்டுப் பிரிந்தது கடைசி ஒரு மீட்டருக்குள். மனித இனம் தோன்றியது கடைசி மூன்று மில்லிமீட்டரில். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறியது முதல் இன்றுவரை கழிந்த இருநூறு ஆண்டுகளோ, பஞ்சின் ஒற்றை இழையின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கும் தேறாது. மலைக்கு நேர்ந்த மாறுதல்களில் பெரும்பாலானவை அந்த இழைக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

இவ்வயதைத் திட்டமாகக் கணக்கிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பாட்டர்சன். யுரேனியம் என்னும் உலோகம் தானாகவே சிதைந்து, படிப்படியாக ஈயமாக மாறுகிறது. ஓரளவு யுரேனியத்தில் பாதி ஈயமாவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். எனவே ஒரு கல்லில் எவ்வகை ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் அதன் வயதைக் கூறிவிடலாம். வானத்திலிருந்து விழுந்த கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, 1956-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். அந்த அளவெடுப்பில் அவருக்கு ஏற்பட்ட இடையூறுதான் நம் கட்டுரைக்கு இன்றியமையாதது. எத்துணைத் தூய்மையாகப் பணிபுரிந்தாலும், கல்லில் இல்லாத ஈயம் அவருடைய கருவிகளில் வந்து சேர்ந்தது. காற்றிலும் தூசியிலும் நீரிலும் அது கலந்திருந்தது. அதன் மூலத்தைத் தேடிச் சென்றவர், மோட்டார் வண்டிகளின் பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயம் பெரும் பங்கினது என்று கண்டு, 1965-இல் அதனை வெளிப்படையாக எழுதினார். ஈயத் தொழிலினர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. பூமியின் வயதைக் கண்டவரும், அதன் காற்றில் கலந்த நஞ்சைக் கண்டவரும் ஒருவரே என்பது நமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

இனி, பூமி உண்டான வரலாறு. சூரியனைச் சுற்றிய வாயுவும் தூசியும் திரண்டு கற்களாகி, கற்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பெரிய கோளமாயின. மோதலின் வெப்பத்தால் பூமி அன்று உருகிய குழம்பாக இருந்தது. கனமான இரும்பு அடியில் ஆழ்ந்தது. இலேசான பாறைப்பொருள் மேலே மிதந்தது. செவ்வாய்க் கிரகத்தை ஒத்த பருமனுடைய ஒரு கோள் வந்து மோதியதனால் தெறித்த பொருளே சந்திரனாயிற்று என்பது பெரும்பாலான விஞ்ஞானிகளின் கருத்து.

அடியில் ஆழ்ந்த இரும்பு இன்றும் அங்கேயே இருக்கிறது என்பதை எவ்வாறு அறிந்தனர்? தோண்டிப் பார்த்தல்ல. உலகில் மனிதன் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா என்னும் இடத்தில் உள்ளது; அதன் ஆழம் 12 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் கீழே. நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார்த் தங்கச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமானது. 2001-இல் அது மூடப்பட்டது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல் இருந்தது. அவ்வெக்கையில் இறங்கி உழைத்தவர்கள்கூட, பூமியின் தோலைத்தான் கீறியிருக்கின்றனர்.

உட்பாகத்தை அறிவித்தவை பூகம்பங்கள். 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-இல் அஸ்ஸாமில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்த ஆர். டி. ஓல்டாம் அதனை ஆராய்ந்தார். நிலநடுக்கத்திலிருந்து வெவ்வேறு வகை அலைகள் வெவ்வேறு வேகத்தில் பூமியினூடே செல்கின்றன என்று அறிந்து, அவை உலகின் மறுபுறம் வந்து சேரும் காலத்தைக் கொண்டு, பூமியின் நடுவில் வேறு தன்மையுடைய ஒரு கரு உண்டென்று 1906-இல் நிறுவினார். அக்கருவினுள்ளும் திண்மையான உட்கரு ஒன்று உண்டென்பதை 1936-இல் டென்மார்க் நாட்டு அம்மையார் இங்கே லேமன் கண்டார். குடத்தைத் தட்டி, அது நிறைந்ததா குறைந்ததா என்று ஓசையால் அறிகிறோமல்லவா? அவ்வாறே இதுவும்.

இவ்வாறு அறியப்பட்ட அமைப்பு வருமாறு. மேலே 30 முதல் 50 கிலோமீட்டர்வரை பருமனுள்ள புறணி. கடலடியில் இது இன்னும் மெலிது. அதன்கீழ் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை கவசம். திண்மையான பாறையேயாயினும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல அசைந்து சுழல்வது. அதன்கீழ் 5,150 கிலோமீட்டர்வரை உருகிய இரும்பாலான வெளிக்கரு. நடுவே, உருகிவிட வேண்டிய வெப்பத்திலும் பேரழுத்தத்தால் இறுகி நிற்கும் உட்கரு.

உருகிய இரும்பு ஓடிச் சுழல்வதனால் பூமி ஒரு காந்தமாகிறது. அக்காந்தம் வானத்திலிருந்து வரும் கதிர்த் துகள்களை விலக்கி நம்மைக் காக்கிறது. இதனை அளப்பதற்கு உதகையிலேயே ஒரு நிலையம் உண்டு என்பது மலைவாழ் அன்பர்களிலும் பலர் அறியாத செய்தி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்னும் அந்நிலையம், 2015-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி சுமார் இரண்டு மணி நேரம் துகள்கள் வழக்கத்தைவிட மிகுதியாக வந்ததைப் பதிவு செய்தது. சூரியனிலிருந்து வந்த புயலொன்று பூமியின் காந்தக் கவசத்தைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டது என்று அதனைக் கொண்டு முடிவு கூறினர். மூவாயிரம் கிலோமீட்டர் ஆழத்தில் ஓடும் இரும்பின் காவல் சற்றே தளர்ந்ததை, உருளைக்கிழங்குத் தோட்டங்களின் நடுவே அமைந்த கருவிகள் அறிந்து கூறின.

நீலகிரியின் பாறைக்கு வருவோம். அரைக்கும் அம்மிக்கும், கட்டடத்துக்கும் நாம் பயன்படுத்தும் கருங்கல் வகைகளுள் ஒன்றான இதனைப் புவியியலார் சார்னக்கைட் என்பர். பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தா நகரத்தோடு பெயர் இணைந்த ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை அந்நகரின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் உள்ளது. அதன்மேல் வைத்த கல், சென்னைப் பகுதியிலிருந்து சென்றது. தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலார் 1893-இல் அக்கல்லறைக் கல்லைக் கொண்டே இப்பாறைக்குப் பெயரிட்டார். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் நீலகிரியிலும் மலிந்து கிடக்கும் நம் கல், வங்காளத்துக் கல்லறையின் பெயரைத் தாங்கி உலகெங்கும் வழங்குகிறது.

இது நிலத்தின் மேற்பரப்பில் உண்டாகக்கூடிய கல் அன்று. புறணியின் அடிப்பாகத்தில், 20 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர்ப்பசையற்ற நிலையில் வெந்து இறுகியது. இது நடந்தது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அக்காலத்துக் காற்றில் பிராணவாயு ஏறக்குறைய இல்லை. நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்கிக் காற்றில் நிரப்பத் தொடங்கியது அதற்குப் பின்னரே. அவ்வளவு ஆழத்தில் வெந்த கல் இன்று தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கின்றது என்றால், அதன்மேல் கிடந்த 20 கிலோமீட்டர்ப் பாறையும் கரைந்து தேய்ந்து கடலுக்குப் போய்விட்டது என்பதே பொருள். வடக்கே மோயாற்றுப் பள்ளமும் தெற்கே பவானிப் பள்ளமும் பூமிப் புறணியின் பெரும் பிளவுக்கோடுகள். அவ்விரு கோடுகளுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் பாளமே நம் மலை. ஆறுகள் மலையை அரிந்து பள்ளம் செய்தன என்று நாம் எண்ணுவது வழக்கம். இங்கோ, பூமி முன்னரே பிளந்து வைத்த கோட்டைப் பின்பற்றி ஆறுகள் ஓடுகின்றன.

கல் மண்ணாவதும் பெருங்கதை. மழைநீர் பாறையில் ஊறி, சுண்ணாம்பையும் மணிச்சத்து முதலியவற்றுள் ஒரு பகுதியையும் கரைத்து எடுத்துச் செல்கிறது. இரும்பும் அலுமினியமும் எஞ்சுகின்றன. செம்மண்ணின் சிவப்பு அந்த இரும்பின் துருவே. சுண்ணாம்பு நீங்கியதால் மண் புளிப்புத் தன்மை அடைகிறது. வேறு பயிர்களுக்குத் தீங்கான இப்புளிப்பே தேயிலைக்கு உகந்தது என்பதை நம் விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஓர் அங்குல மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். சரிவில் ஒரு பெருமழை அதனை ஒரே இரவில் கொண்டுபோய்விடும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பகுதிகளில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மலைமக்கள் மறந்திலர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சமவெளியில் பல ஊர்களுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழை அது.

இத்தகைய மழையைத் தாங்கி, சிறிது சிறிதாக ஆற்றில் விடுவதற்கென்றே மலை ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி, இரண்டிற்கும் இடையே, அழுகிய புல்லும் இலையும் படிந்த கருஞ்சேற்றுச் சதுப்பு. இச்சதுப்பின் அடுக்குகளை ஆராய்ந்த நம் நாட்டு விஞ்ஞானிகள், கடந்த 20,000 ஆண்டுகளில் தட்பவெப்பம் மாறியதற்கேற்பப் புல்லும் சோலையும் மாறிமாறிப் பரவியதை 1993-இல் வெளியிட்டனர். புல்வெளி என்பது காடு அழிந்த வெற்றிடம் என்ற எண்ணம் தவறு என்பது இதனால் விளங்கியது. ஆனால் அவ்வெண்ணம் செய்ய வேண்டிய கேட்டை அதற்கு முன்பே செய்து முடித்திருந்தது.

புல்வெளியை வீண்நிலம் என்று கருதி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூரமரத்தையும் சீகை மரத்தையும் ஆயிரமாயிரம் ஏக்கரில் நட்டனர். (கற்பூரமரத்தின் எண்ணெய்க்கு நீலகிரித் தைலம் என்று பெயர் வைத்தோம், வந்தவர் வீட்டுக்காரராகிவிட்டார்.) முதலில் இது விறகுக்காக. சுதந்திரத்திற்குப் பின் வேறொரு தேவை எழுந்தது. அதில் நெசவாளர்க்கும் பங்குண்டு. ஆதலின் இதனைச் சற்று நின்று நோக்குவோம்.

ரேயான் என்னும் செயற்கைப் பட்டு நூல் மரத்திலிருந்து செய்யப்படுவது. மரக்கூழைக் காரச் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டை சல்பைடு என்னும் நச்சுத் திரவத்தால் கரைத்து, பாகாக்கி, கந்தக அமிலத் தொட்டியில் நுண்துளைகளின் வழியே பிழிந்தால் இழை கிடைக்கும். மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில், பவானிக் கரையில், இதற்கென ஓர் ஆலை எழுந்தது. நீலகிரியின் கற்பூரமரமும் சீகை மரமும் கூழாவதற்கு அங்கு இறங்கின. நூல் நாடெங்கும் தறிகளுக்குச் சென்றது. கழிவு பவானியில் இறங்கியது. ஆற்றுநீர் நிறம் மாறிற்று. கீழே பவானிசாகர் அணையில் மீன்கள் செத்து மிதந்தன. 1990-களில் கரையோர மக்களும் விவசாயிகளும் கிளர்ந்தெழுந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். மேலே புல்வெளி போயிற்று, கீழே ஆறு கெட்டது, நடுவே நூல் மலிவாய்க் கிடைத்தது. அம்மலிவில் நாமும் ஆதாயம் அடைந்தோம். அதே சிறுமுகையில் கைத்தறிப் பட்டு நெய்யும் குடும்பங்கள் இன்றும் நல்ல பெயருடன் தொழில் செய்து வருகின்றன.

ஆலைக் கழிவு என்றால் பெரிய ஆலைகளுக்கே உரியது என்று சாயப்பட்டறைக்காரர் எண்ணலாகாது. சிறு பட்டறைகள் பல கூடினால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யல் சாட்சி. பருத்தி நூலில் சாயம் நன்றாக ஏற உப்பு இடுகிறோம். ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராம் அளவிலும் உப்புச் சேர்ப்பதுண்டு. கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அதாவது, சாயத்தொட்டியிலுள்ளது கடலினும் கரிப்பான நீர். நிறத்தை வடிகட்டி நீக்கலாம். உப்பை அவ்வாறு எளிதில் நீக்க முடியாது. தெளிந்து காணும் நீரும் உப்புநீரே. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் நீர் நொய்யலில் இறங்கி, சென்னிமலைக்கு அருகே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணை, கழிவுத் தொட்டியாயிற்று. கரையோரக் கிணறுகள் கரித்தன, தென்னை வாடிற்று. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பின்னர், கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாதவாறு ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் ஏற்பாட்டுடன் பட்டறைகள் திறந்தன. செலவு மிகுதி, தனியொருவரால் இயலாது, பலர் கூடிப் பொதுவில் நிலையம் அமைத்துச் செய்கின்றனர். உடலில் புற்றை விளைக்கக்கூடிய சில அசோ சாயங்களை அரசு 1997-இல் தடை செய்திருப்பதையும் நூலுக்குச் சாயமிடுவோர் நினைவிற் கொள்க. விலை குறைவென்று சீட்டில்லாத டப்பாவை வாங்குவோர் இன்னும் இருக்கின்றனர்.

மலைமேலுள்ளோர் கையும் முற்றத் தூய்மையானது அன்று. 1961-இல் நீலகிரியின் உருளைக்கிழங்கு வயல்களில் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு, இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதனை ஒழிக்க மண்ணில் கடும் நஞ்சுகள் இடப்பட்டன. சரிவான நிலத்தில் இட்ட நஞ்சு மழையோடு ஓடைக்கு இறங்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. நல்வாய்ப்பாக, முத்தோரையிலுள்ள ஆராய்ச்சி நிலையம் அப்புழுவை எதிர்த்து நிற்கும் குஃப்ரி சுவர்ணா என்னும் வகையை உண்டாக்கி, 1985-இல் அது வெளியிடப்பட்டது. நஞ்சினால் ஆகாததை நல்ல விதையும் மாற்றுப்பயிரும் செய்தன.

தேயிலையில் கேடு வேறு வகை. அம்மோனியம் சல்பேட்டு போன்ற தழைச்சத்து உரங்கள் ஏற்கெனவே புளித்த மண்ணை மேலும் புளிக்கச் செய்கின்றன. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை புளிப்பெண் உகந்தது. அதற்குக் கீழே இறங்கினால் இட்ட உரத்தைச் செடி எடுக்காது. எடுக்காத உரம் ஊற்றில் கலக்கும். கவாத்துக்கு முன் மண்ணைப் பரிசோதித்து, அளவறிந்து டோலமைட்டுச் சுண்ணாம்பு இடுவது இதற்குப் பரிகாரம். குன்னூரிலுள்ள உபாசி நிலையத்தாரிடம் மண்ணைக் கொடுத்து ஆலோசனை பெறலாம். 1962-இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும், பின்னர் எழுந்த அதன் உடன்பிறப்புகளும், 1965-இல் அமைந்த இண்ட்கோசர்வ் இணையமும், சிறு விவசாயிகளின் கொழுந்தை ஒன்றுசேர்க்கின்றன. அதேபோல் அவர்களுடைய மண்ணையும் ஒன்றுசேர்த்துப் பரிசோதிக்க இயலும் என்று நாம் கருதுகின்றோம். அரை ஏக்கர் வைத்திருப்பவர் தனியே குன்னூருக்கு மண் சுமந்து செல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

நகரங்களின் கழிவைப் பற்றிச் சில சொற்கள் போதும். சல்லிவன் 1823 முதல் 1825 வரை அமைத்த உதகை ஏரியில் கோடப்பமந்துக் கால்வாய் வழியே சாக்கடை நெடுங்காலமாகக் கலந்துவருகிறது. ஏரியின் நீர் வடக்கே இறங்கி மோயாற்றோடு சேர்கிறது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. 1955-இல் கட்டி முடித்த அவ்வணை, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்ச்சுகிறது. ஆகவே உதகைச் சுற்றுலாப் பயணி விட்டெறியும் குப்பைக்கும் ஈரோட்டு மஞ்சள் வயலுக்கும் தொடர்பில்லை எனக் கூற முடியாது. மாவட்ட நிர்வாகம் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக 2000-ஆம் ஆண்டையொட்டியே முனைந்தது. மாநிலம் முழுதும் தடை வந்தது 2019-இல்தான். வண்டிகளின் பெருக்கைக் கட்டுப்படுத்த, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கு மின்வழி அனுமதிச்சீட்டு முறை வந்துள்ளது.

புல்வெளியை மீட்கும் பணியும் சில இடங்களில் நடைபெறுகின்றது. சீகையை வெட்டினால் போதாது. வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கினாலும், உதிர்ந்த விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, வெயில் பட்டவுடன் முளைக்கின்றன. எனவே வெட்டிய இடத்தில் நாட்டுப்புல்லை நட்டு, ஆண்டுதோறும் சீகைக் கன்றுகளைக் கையால் களைகின்றனர். மேல்பவானிப் பக்கத்தில் ஓர் ஏக்கரைத் துப்புரவு செய்வோர், அதே ஏக்கருக்கு அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் திரும்பி வர வேண்டியவராகின்றனர்.